அம்மாவுக்கு மேல் ஸ்கோப், கீழ் ஸ்கோப் ஒரே நாளில்: ஸ்பிரே போதுமா, மயக்க ஊசி வேண்டுமா? – பெங்களூரு

ஜீவன்பீமாநகர்க்காரன்

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது, 71 கிலோ, உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்தின் கையிருப்பு) இறங்கியிருப்பதால் வயிறு, பெருங்குடல் இரண்டையும் ஒரே நாளில் ஸ்கோப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். சாப்பிடும் மாத்திரைகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலை, இரவு; டாபாக்ளிஃப்ளோசின் 10 காலையில்; ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் 40; இரும்புச்சத்து மாத்திரை ஒன்று. குறட்டை பலமாக உண்டு. இதயப் பிரச்சினை எதுவும் சொன்னதில்லை.

மூன்று இடத்தில் விசாரித்தோம். முதல் இடத்தில் "தொண்டைக்கு ஸ்பிரே அடிப்போம், அது போதும்" என்கிறார்கள். இரண்டாவது இடத்தில் "லேசாத் தூக்க ஊசி, நாங்களே போட்டுடுவோம்". மூன்றாவது இடத்தில் மயக்க டாக்டர் தனியாக வருவாராம், அவருக்குத் தனி பில். கட்டணத்தில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. பணத்துக்காக யோசிக்கவில்லை. ஆனால் இந்த மூன்றும் ஒன்றேதானா, அம்மா மாதிரி ஆளுக்கு எது சரி? சொந்தத்தில் ஒருவர் "ஊசி போட்டும் எல்லாம் தெரிஞ்சுது, கத்தினேன்" என்று சொல்லி அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்.

மானிட்டர் பக்கம்

மூன்றும் ஒன்றல்ல சார். மூன்று இடத்திலும் "மயக்கம்" என்ற ஒரே சொல்லைப் போட்டுப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம்.

முதல் இடத்தில் சொல்வது மயக்கமே இல்லை. 10 சதவீத லிக்னோகெய்ன் ஸ்பிரே, ஒரு அழுத்துக்கு 10 மி.கி. தொண்டையை மரத்துப்போகச் செய்து குமட்டலைக் குறைக்கும், அவ்வளவுதான். வயிற்று ஸ்கோப் மட்டும் என்றால் ஐந்து பத்து நிமிட வேலை, மனசு திடமான ஆள் ஸ்பிரேயோடு முடித்துக்கொண்டு அரை நாளில் ஆபீஸுக்கே போகலாம். கீழ் ஸ்கோப்புக்கு அதனால் என்ன பயன் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது இடத்தில் சொல்வது அநேகமாக மிடாசோலமும் ஃபென்டானிலும். மிடாசோலம் பதற்றத்தைக் குறைக்கும், நினைவு பதியாமல் செய்யும், வலியைக் குறைக்காது. வலிக்கு ஃபென்டானில். 60 வயதைத் தாண்டியவருக்கு மிடாசோலம் முதல் தவணை 1.5 மி.கி.க்கு மேல் போகாமல், இரண்டு நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெதுவாகப் போட வேண்டும். பிறகு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மொத்தம் 3.5 மி.கி.யைத் தாண்டத் தேவை வருவது அபூர்வம். ஃபென்டானில் 25 முதல் 50 மைக்ரோகிராம்.

இந்த முறையில் தப்பு நடப்பது எங்கே என்றால், காத்திருக்காததில். வரிசையில் அடுத்த ஆள் இருக்கிறார், அம்மா இன்னும் கண்ணைத் திறந்து பார்க்கிறார் என்று முதல் ஊசி முழுதாக வேலை செய்யும் முன்பே இரண்டாவதைப் போட்டுவிடுவார்கள். ஸ்கோப் உள்ளே இருக்கும்வரை அந்த இழுப்பும் வலியுமே மூச்சைத் தூண்டிக்கொண்டிருக்கும். ஸ்கோப்பை வெளியே எடுத்ததும் அந்தத் தூண்டல் போய்விடும், போட்ட இரண்டு மருந்தும் சேர்ந்து அப்போதுதான் மூச்சை அமுக்கும். அதனால் ஆபத்தான நேரம் என்பது ஸ்கோப் முடிந்து, எல்லாரும் அடுத்த நோயாளியின் பக்கம் திரும்பிய முதல் கால் மணி நேரம்.

இந்த இரண்டு மருந்துக்கும் முறிவு மருந்து உண்டு: மிடாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில், ஃபென்டானிலுக்கு நாலோக்சோன். ஃப்ளூமாசெனில் மிடாசோலத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் எழுந்து உட்கார்ந்தவர் மறுபடி சாயலாம். முறிவு மருந்து போட்டவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மூன்றாவது இடத்தில் சொல்வது புரோபோஃபால். பால் போல வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் லெசித்தினும் கலந்த குழம்பு அது. ஊசி ஏறும்போது கை எரியும், அதற்காக முன்னாலேயே கொஞ்சம் லிக்னோகெய்ன் தருவார்கள். அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடத்தில் தூக்கம், நிறுத்திய ஐந்து பத்து நிமிடத்தில் விழிப்பு. நோயாளிக்கு இதுதான் சுகம். ஆனால் இதற்கு முறிவு மருந்து கிடையாது. லேசான தூக்கத்துக்கும் மூச்சு நிற்பதற்கும் இடையில் உள்ள தூரம் மிகக் குறைவு, ரத்த அழுத்தமும் இறங்கும். அதனால்தான் ஸ்கோப் பிடிப்பவரே இதையும் பார்த்துக்கொள்ள முடியாது. மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு, தாடையைத் தூக்கிப் பிடிக்கவும் தேவைப்பட்டால் குழாய் போடவும் தெரிந்த ஒருவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். தனி பில் அதற்குத்தான்.

உங்கள் அம்மாவுக்கு வருவோம். பலத்த குறட்டை, ரத்த அழுத்தம், 50-க்கு மேல் வயது. தூக்கத்தில் மூச்சு அடைக்கும் வியாதி இருக்கிறதா என்று கணிக்க ஸ்டாப்-பேங் என்று எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, அதில் இப்போதே மூன்று மதிப்பெண் வந்துவிட்டது. இன்னும் கேட்பது: பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா. மூன்று நான்கு என்றால் நடுத்தர அபாயம். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தூக்க மூச்சடைப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடத்துவோம். குறட்டைக்காரருக்கு எந்தத் தூக்க மருந்து கொடுத்தாலும் நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து வழியை அடைக்கும். மேல் ஸ்கோப்பும் சேர்ந்திருப்பதால் மூச்சு போகும் வழியிலேயே குழாயும் கிடக்கும். எனவே என் வாக்கு மூன்றாவது இடத்துக்கு. அதுவும் தனி ஸ்கோப் சென்டர் வேண்டாம், ஐ.சி.யூ. உள்ள மருத்துவமனைக்குள் இருக்கும் அறையாகப் பாருங்கள்.

போனில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "கேப்னோகிராஃபி போடுவீர்களா?" விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எல்லா இடத்திலும் இருக்கும். ஆனால் மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றாலும் நுரையீரலில் மிச்சமுள்ள ஆக்சிஜனால் விரலில் 98, 99 என்றே கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கும். அது இறங்கத் தொடங்கும்போது நேரம் போயிருக்கும். கேப்னோகிராஃபி வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளப்பது. மூச்சு நின்ற அடுத்த சில வினாடிகளில் திரையில் கோடு படுத்துவிடும். "அது என்ன?" என்று எதிர்க்கேள்வி வந்தால் வேறு இடம் பாருங்கள்.

"எல்லாம் தெரிஞ்சுது" என்றவர் பொய் சொல்லவில்லை. இரண்டாவது முறையில் நோக்கமே கூப்பிட்டால் கண் திறக்கும் நிலைதான். குரல் கேட்கலாம், குடல் வளைவில் ஸ்கோப் திரும்பும்போது வலி தெரியலாம். இதை முன்னாலேயே யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் குறை. தினமும் மது குடிப்பவர்கள், இரவில் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை போட்டுப் பழகியவர்கள், கஞ்சா பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு வழக்கமான அளவு பத்தாது. குடும்பத்துக்கு முன்னால் சொல்லக் கூச்சம் என்றால் மயக்க டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்கோப் ரூம்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா மாத்திரைப் பட்டியல்ல இருக்கிற ஒண்ணை யாரும் தொடலையே. டாபாக்ளிஃப்ளோசின். கீழ் ஸ்கோப்புக்கு ஒரு நாள் முழுக்கப் பட்டினி, பேதி. அந்த நேரத்துல இந்த மாத்திரை உடம்புல இருந்தா ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறும், சர்க்கரை அளவு மட்டும் பெருசா ஏறாது. குளுக்கோமீட்டர்ல 160, 180-னு பார்த்துட்டு நிம்மதியா இருப்பாங்க, ஆள் வாந்தி எடுத்து மூச்சு வாங்கிட்டு இருப்பார். குறைஞ்சது மூணு நாளைக்கு முன்னாடியே நிறுத்தணும். அதே வகை மாத்திரையான எம்பாக்ளிஃப்ளோசினுக்கும் அதே கணக்குதான். சுகர் டாக்டருக்கு இன்னிக்கே போன் போட்டு, அந்த மூணு நாளைக்கு மாற்று என்னன்னு கேளுங்க. நிறைய ஸ்கோப் சென்டர் அச்சடிச்சுக் கொடுக்கிற தாள்ல மெட்ஃபார்மின் இருக்கும், இது இருக்காது. கூட்டு மாத்திரைக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கும், அட்டையைத் திருப்பிப் படிங்க.

மெட்ஃபார்மின் அன்னிக்குக் காலைல வேண்டாம். டெல்மிசார்டானையும் புரோபோஃபால் போடறதா இருந்தா அன்னிக்குக் காலைல விடச் சொல்றவங்கதான் அதிகம், ரெண்டும் சேர்ந்தா பிரஷர் ரொம்ப இறங்கிடும். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை) சாப்பிடறவங்க மட்டும் நிறுத்தவே கூடாது. தைராய்டு மாத்திரையும் ஒரு மடக்குத் தண்ணியோட போடலாம். இரும்பு மாத்திரை ஏழு நாளைக்கு முன்னாடியே நிக்கணும். குடல் சுவர்ல கறுப்பா ஒட்டிக்கிட்டு ஒண்ணும் தெரியாது. சர்க்கரைக்கும் எடை குறையவும் வாரம் ஒருமுறை போடற செமாக்ளூடைடு ஊசி எடுக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, அதை மயக்க டாக்டர்கிட்ட சொல்லாம இருக்காதீங்க. இரவெல்லாம் பட்டினி கிடந்தும் வயித்துல சோறு அப்படியே இருக்கும்.

மயக்கத்துக்கான பட்டினிக் கணக்கு: திட உணவு ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறின்னா எட்டு. தெளிஞ்ச தண்ணி ரெண்டு மணி நேரம் வரைக்கும் குடிக்கலாம். வீட்டுல எல்லாரும் தவறுறது காபில. பால் கலந்த காபி திட உணவுக் கணக்கு, ஆறு மணி நேரம். "அரை டம்ளர்தானே"ன்னு அம்மாக்கள் குடிச்சிட்டு வந்து, கேட்டா இல்லைம்பாங்க. டிகாக்ஷன் மட்டும், பால் இல்லாம, தெளிஞ்ச தண்ணிக் கணக்குதான். தலைவலிக்குப் பயந்தா அதைக் குடிக்கலாம்.

குடல் சுத்தம்தான் முக்கால்வாசி வேலை. முந்தின ரெண்டு நாள் வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், ரசம் வடிச்சது. கீரை, கொய்யா, தக்காளி விதை, கேழ்வரகு, சுண்டல் கிடையாது. பி.இ.ஜி.ங்கிற பேதி பவுடரை அட்டையில போட்டிருக்கிற அளவுத் தண்ணியில கரைச்சு, பெரும்பாலும் ரெண்டு லிட்டர், பாதியை முந்தின நாள் மாலை, பாதியை விடியக்காலைல குடிக்கணும். காலை பத்து மணிக்கு ஸ்கோப்னா அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஆறரைக்குள்ள முடிங்க. கால் லிட்டர் டம்ளர் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, குளிர வச்சுக் குடிச்சா இறங்கும். குமட்டினா அரை மணி நேரம் விட்டுத் தொடருங்க. முழுசையும் முந்தின ராத்திரியே குடிச்சு முடிச்சா காலைக்குள்ள வலது பக்கக் குடல்ல பித்தமும் சளியுமாப் படிஞ்சிடும், சின்னப் பாலிப் (குடல் சுவர்ல வளர்ற கட்டி) தப்பிப் போகும். கடைசியா வெளிய வர்றது மஞ்சள் தண்ணியா இருக்கணும். பழுப்பாக் கலங்கி இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேளுங்க. சிவப்பு, ஊதா நிற ஜூஸ் வேண்டாம், ரத்தம் மாதிரித் தெரியும். அன்னிக்கு ராத்திரி அபார்ட்மென்ட்ல தண்ணி டேங்கர் வந்துச்சான்னும் பாத்துக்குங்க, இதை எந்தத் தாள்லயும் எழுத மாட்டாங்க.

சர்க்கரை 70-க்குக் கீழ இறங்கினா குளுக்கோஸ் தண்ணி கொடுக்கலாம், தெளிஞ்சதுதான். எத்தனை மணிக்குக் கொடுத்தீங்கன்னு குறிச்சு வச்சு உள்ள சொல்லிடுங்க.

அப்புறம், சம்மதப் படிவம். இங்க கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும்தான் இருக்கும். அம்மாவுக்கு ரெண்டும் வாசிக்கத் தெரியாதுன்னா வாய்விட்டுத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. பெங்களூர்ல எந்த ஷிஃப்ட்லயும் தமிழ் புரியற நர்ஸ் ஒருத்தராவது இருப்பாங்க. பாலிப் இருந்தா அப்பவே எடுக்கலாமான்னு முன்கூட்டியே எழுதி வாங்கிடணும். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாதுன்னு 2008-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. தூங்கிட்டு இருக்கிறவங்களை எழுப்பிக் கேட்க முடியாது, இன்னொரு நாள் மறுபடி பேதி மருந்து குடிக்கணும். மயக்கத்தோட ஆழத்தைப் பார்க்கிறதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான். வீட்டுல எப்படிக் கூப்பிட்டா திரும்புவாங்களோ, எந்த மொழியில சொன்னாக் கேட்பாங்களோ, அதைச் சொல்லி அனுப்புங்க. காது மெஷின் இருந்தா கழட்ட வேண்டாம், பல் செட் இருந்தாக் கழட்டணும். ஒரு கையிலயாவது நகப்பாலிஷ் வேண்டாம்.

மல்லேஸ்வரம் மீனா

இந்த இழையிலேயே கேட்டுக்கொள்கிறேன், மன்னிக்கவும். பெண்ணுக்கு 5 வயது, 16 கிலோ. ஆறு பால் பற்கள் சொத்தை, நாலுக்கு வேர் வரை போக வேண்டுமாம். ஒரு கிளினிக்கில் "சிரிப்பு வாயு கொடுத்து மூணு நாலு சிட்டிங்ல முடிச்சிடலாம்" என்கிறார்கள். இன்னொருவர் மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் என்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தாலே அழுகை. வருஷம் முழுக்க மூக்கடைப்பும் உண்டு.

பால்பல் டாக்டர்

கடைசி இரண்டு வாக்கியத்திலேயே பதில் இருக்கிறதே மேடம்.

சிரிப்பு வாயு, அதாவது நைட்ரஸ் ஆக்சைடு, மூக்கு வழியாக மட்டும் போவது. முதலில் முழு ஆக்சிஜன், பிறகு பத்துப் பத்து சதவீதமாக ஏற்றி 30-லிருந்து 50-க்குள் நிறுத்துவோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதற்குள் கை கால் தளர்ந்து பேச்சு இழுக்கும். முடிந்ததும் ஐந்து நிமிடம் மறுபடி முழு ஆக்சிஜன். இல்லையென்றால் ரத்தத்திலிருந்து வெளியேறும் வாயு நுரையீரலில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். இவ்வளவும் குழந்தை மூக்கால் மூச்சு விட்டால்தான். அழும் குழந்தை வாயால் மூச்சு விடுகிறது, அடைத்த மூக்கில் எதுவும் போகாது. பார்த்தீனியக் களையும் தூசியும் உள்ள இந்த ஊரில் மூக்கடைப்பு இல்லாத குழந்தையைப் பார்ப்பதே அரிது. முதலில் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வளரும் சதை) இருக்கிறதா என்று காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பயம் கொஞ்சம், பல் ஒன்றிரண்டு, சொன்னால் கேட்கும் குழந்தை என்றால் நைட்ரஸ் அருமையான முறை. உங்கள் பெண்ணுக்கு அது பொருந்தவில்லை.

நடுவில் ஒரு வழி சொல்வார்கள்: மிடாசோலம் குடிக்கக் கொடுத்து நாற்காலியிலேயே செய்வது. கிலோவுக்கு 0.5 மி.கி. என்றால் இவளுக்கு 8 மி.கி. கசக்கும், பாதியைத் துப்பினால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, மறுபடி கொடுக்கவும் கூடாது. இருபது முப்பது நிமிடத்தில் பிடித்து, கிட்டத்தட்ட அதே அளவு நேரம்தான் உபயோகமாக இருக்கும். நாலு வேர் சிகிச்சைக்குக் காணாது. சில குழந்தைகள் தூங்காமல் எதிர்மாறாக வெறிபிடித்தது போல ஆகிவிடும். அப்போது இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மருந்து சேர்ப்பதுதான் பெரிய தவறு. வாயில் தண்ணீர் பீய்ச்சும், ரத்தம் வரும், பல் துண்டு விழும். குழாய் போடாத ஆழ்ந்த மயக்கத்தில் எல்லாம் நேராகக் குரல்வளைக்குத்தான் போகும். ஆறு பல் என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, தொண்டையில் துணி அடைத்து, முழு மயக்கத்தில் முடிப்பதே பாதுகாப்பானது. "முழு மயக்கம்" என்ற பெயரைக் கேட்டுப் பெற்றோர் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் கிளினிக்கில் காவலுக்கு ஆளில்லாமல் கொடுக்கும் அரை மயக்கத்தில்தான்.

சளி, இருமல், காய்ச்சல் வந்திருந்தால் மறைக்காதீர்கள். இரண்டிலிருந்து நாலு வாரம் தள்ளிப்போடுவார்கள். சளி பிடித்த தொண்டை மயக்கத்தில் இறுகி மூடிக்கொள்ளும்.

எந்த முறையானாலும் மரப்பு ஊசியின் கணக்கு தனியாக ஓடும். குழந்தைக்கு லிக்னோகெய்ன் கிலோவுக்கு 4.4 மி.கி.தான் உச்சம், 16 கிலோவுக்கு 70 மி.கி. நம்மூரில் வழக்கமான 2 சதவீத மருந்தில் மி.லி.க்கு 20 மி.கி., ஆக மொத்தம் 3.5 மி.லி. நாலு மூலையிலும் ஒரே நாளில் மரக்க வைத்தால் இது சுலபமாகத் தாண்டிவிடும். தூக்க மருந்தும் சேர்ந்திருந்தால் வலிப்பின் முன் அறிகுறிகளே தெரியாமல் போகலாம். டாக்டரிடம் "மொத்தம் எத்தனை மி.லி. போடுவீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். கார் அல்லது ஆட்டோ, பெரியவர்கள் இருவர்: ஒருவர் வழி பார்க்க, ஒருவர் குழந்தையின் தலையைப் பார்க்க. தலை முன்னால் தொங்கினால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சு வழி மடங்கும். சில்க் போர்டு சிக்னலில் சிக்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மரத்த உதட்டை இரண்டு மூன்று மணி நேரம் கடித்துக் குதறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் உதடு வீங்கி வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அது சீழ் இல்லை, கடித்த புண்.

ஜீவன்பீமாநகர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. டாபாக்ளிஃப்ளோசின் கூட்டு மாத்திரையிலும் இருந்தது, டாக்டரிடம் பேசிவிட்டேன். மூன்றாவது இடத்தில் கேப்னோகிராஃபி உண்டு என்றார்கள். முடிந்த பிறகு எதைப் பார்க்க வேண்டும்? அன்று மாலையே அம்மாவைத் தனியாக விடலாமா, பேங்க்கில் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கிறது.

மானிட்டர் பக்கம்

கையெழுத்து மறுநாள். 24 மணி நேரத்துக்குக் கையெழுத்து, அடுப்பு, வண்டி எதுவும் வேண்டாம். எழுந்து நடந்து தெளிவாகப் பேசுவார், ஆனால் பேசியது நினைவில் நிற்காது. டாக்டர் ரிசல்ட் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், அம்மாவிடம் மட்டும் சொல்லி அனுப்ப விடாதீர்கள். அன்றிரவு மல்லாந்து படுக்க வேண்டாம், தலையணை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கட்டும், ஒருவர் அதே அறையில் இருங்கள். தூக்க மாத்திரை, இருமல் சிரப், ட்ரமடால் என்ற வலி மாத்திரை கிடையாது.

ஸ்பிரேயும் அடித்திருந்தால் ஒரு மணி நேரம் தண்ணீர்கூடத் தராதீர்கள், புரையேறும். பிறகு ஒரு மடக்கு, இறங்கினால் இட்லி, தயிர்சாதம்.

ஸ்கோப் ரூம்

காத்து போகும், வயிறு உப்பும், அது சகஜம். கார்பன் டை ஆக்சைடு ஊதுற மெஷின்னா சீக்கிரம் அடங்கும், சாதாரணக் காத்துன்னா சாயங்காலம் வரைக்கும் இருக்கும். நடக்க விடுங்க. ஆனா வயிறு பலகை மாதிரி இறுகி வலி கூடிட்டே போனா, காய்ச்சல் வந்தா, கட்டியா ரத்தம் போனா, மலம் தார் மாதிரிக் கறுத்தா, நெஞ்சுல, கழுத்துல வலிச்சா, காலைல பார்த்துக்கலாம்னு இருக்காம நேரா கேஷுவால்ட்டி. பாலிப் எடுத்திருந்தா ரத்தக்கசிவு ரெண்டு வாரம் கழிச்சும் வரலாம். அதுக்குள்ள ஊருக்குப் போற டிக்கெட் போட்டிருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்குங்க. இரும்பு மாத்திரையை எப்போ மறுபடி ஆரம்பிக்கணும்னும் கேட்டு எழுதி வாங்கிக்குங்க. ஆரம்பிச்ச பிறகு மலம் கறுக்கும், தார் மாதிரி ஒட்டாத வெறும் கறுப்புன்னா ரத்தம்னு பயப்பட வேண்டியதில்ல. ஊசி போட்ட நரம்பு ரெண்டு நாள் சிவந்து கயிறு மாதிரித் தட்டுப்பட்டா வெந்நீர் ஒத்தடம் கொடுங்க.